நிறுத்தத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்

 

2024 மார்ச் மாதம் கிழக்கே திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. நம் முசலிப் பிரதேசப் பாடசாலைகளிலும் தை பிறந்தால் இல்ல விளையாட்டுப் போட்டிதான். மாசி, பங்குனி வெயிலில் பிள்ளைகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் யார்? அவர் என்ன கற்றிருக்கிறார்?

இந்த மறிச்சுக்கட்டிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்கியவனின் உயிர் மேலே கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. கயிறு அசைந்ததும் இழுக்கத் தெரிந்தவனை நம்பித்தான் மற்றவன் இறங்கினான். பிள்ளையை மைதானத்தில் இறக்கும் நமக்கும் அப்படி ஒருவர் வேண்டாமா?

விசிலை யாரும் ஊதலாம். பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியரோ முதல் நாளே நெடுந்தூரம் ஓடவிட மாட்டார். கிழமைக்குக் கிழமை தூரத்தைக் கூட்டுவார். நெஞ்சு நோகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை, "சாட்டுச் சொல்லாதே" என்று விரட்ட மாட்டார். அந்த இடத்திலேயே நிறுத்துவார். வெயிலில் ஓடியவன் உடம்பு கொதித்து, பேச்சுத் தடுமாறி விழுந்தால், வாகனம் தேடி ஓடுமுன் நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றுவார். மூச்சு நின்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு, அது வந்து சேரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருப்பார். இந்த ஆண்டுகளில் நோன்பு போட்டிக் காலத்தோடேயே வருகிறது. நோன்பு பிடித்த பிள்ளைக்கு எப்போது பயிற்சி, எப்போது ஓய்வு என்பதையும் அவர் பார்த்து வகுப்பார்.

ஆளில்லை என்று கணித ஆசிரியரிடம் விசிலைக் கொடுத்து, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, அந்த ஆசிரியருக்கும் செய்யும் அநியாயம்.

ஆகவே கல்வி அதிகாரிகளிடம் நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு பாடசாலைக்கும் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைத் தாருங்கள். அவர் வரும்வரை, போட்டிக் காலம் தொடங்குமுன் பாடசாலைக்கு இருவருக்காவது முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். மரதனை விடியற்காலையில் வையுங்கள்.

பெற்றோரே, இந்த முறை எத்தனை கிண்ணம் வென்றோம் என்று அதிபரைக் கேட்குமுன், முதலுதவி தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.