சட்டைப் பொத்தானே அளவுகோல்



புகைப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கலியாணப் படமும் அடையாள அட்டைப் படமும்தான். படம் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டு, ஒரு நாட்டின் சட்டம் மாறத் துணைநின்ற ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் அமெரிக்கரான லூயிஸ் ஹைன். என்னைப் போல் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனிப்பற்று உண்டு, அதை மறைப்பானேன்?

1874-இல் பிறந்த ஹைன், பதினெட்டு வயதில் தந்தையை இழந்து தொழிற்சாலையில் கூலிக்குப் போனவர். பின்னர் படித்து, நியூயார்க்கில் ஆசிரியரானார். அங்கேதான் காமிராவைக் கையில் எடுத்தார். 1908-இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்துப் போராடிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவில் சேர்ந்தார்.

அந்நாளைய அமெரிக்காவின் நிலை என்ன தெரியுமா? 1900-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் சுமார் 17.5 இலட்சம் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பருத்தி ஆலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை, எங்கும் பிள்ளைகள்தாம்.

காமிராவோடு வருபவரை முதலாளிகள் உள்ளே விடுவார்களா? ஹைன் வேத புத்தகம் விற்பவராகவும், தபால் அட்டை விற்பவராகவும் வேடம் போட்டு நுழைந்தார். தம் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை முன்பே அளந்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் உயரம் தெரிந்துவிடும். கையைப் பைக்குள் விட்டபடியே யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொள்வார். வயதைக் கூட்டிச் சொல்லலாம். பெற்றோரே சொன்னதுண்டு, வறுமை அப்படி. உயரத்தை எப்படிக் கூட்டுவது?

1908-இல் வட கரோலினா மாநிலத்து விட்னல் பருத்தி ஆலையில் ஒரு சிறுமியைப் படம் பிடித்தார். உயரம் 51 அங்குலம், அதாவது நாலேகால் அடி. ஓராண்டாக வேலை, சில நாள் இரவிலும் உண்டு. நாளுக்கு 48 சென்ட் கூலி. வயதைக் கேட்டதும் தயங்கி, நினைவில்லை என்றாளாம். பிறகு, தனக்கு வேலை செய்யும் வயது ஆகவில்லை, ஆனாலும் செய்வதாக இரகசியம் போல் சொன்னாளாம். இத்தனையும் படத்தோடு எழுதி வைத்தார் ஹைன்.

நான் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில், ஒரு பையன் நாள்தோறும் முதல் பாடம் முடிந்தே வருவான். அம்மாவுக்கு மங்கு துடைக்கப் போனேன் என்பான். கையில் பால்பிசுக்கு இருக்கும். பதிவேட்டில் 'தாமதம்' என்று மட்டும் எழுதினேன். எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை மரம் என்று கேட்டு எழுதவில்லை. ஹைனைப் பற்றிப் படித்தபோது அந்தப் பையன்தான் கண்முன் நின்றான்.

1916-இல் வந்த சட்டத்தை 1918-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1938-இல் வந்த சட்டமே நிலைத்தது. அதற்குள் ஹைனைத் தேடி வேலை கொடுப்பார் இல்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது அந்தரத்தில் நின்று படமெடுத்தவர், கடைசியில் சொந்த வீட்டையும் இழந்து 1940-இல் வறுமையில் மாண்டார். குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அவர் எடுத்த சுமார் 5,000 படங்கள், வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் அவருடைய குறிப்புகளோடு இருக்கின்றன. அந்தச் சிறுமியின் 51 அங்குலமும் அங்கே இருக்கிறது.