கைமாறும் கணினி



வீட்டிலிருந்த பழைய பொருளை விற்பது நமக்குப் புதிய வழக்கமன்று. தையல் இயந்திரத்தை விற்றிருக்கிறோம், மிதிவண்டியை விற்றிருக்கிறோம், வானொலிப் பெட்டியையும் விற்றிருக்கிறோம். வாங்கியவர் பொருளை மட்டுமே கொண்டு சென்றார். மடிக்கணினி அத்தகையதன்று. உரிய முறையில் துடைக்காமல் அதனை விற்போமாயின், பொருளோடு நம் குடும்பத்தின் செய்திகளும் அயலார் கைக்குப் போய்விடும். ஆதலால், விற்பதற்கு முன் செய்யவேண்டியவை யாவை என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, மொனராகலை ஆகிய பகுதிகளில் வாழ்வோர்க்கு இது நெருங்கிய செய்தி. 2020ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டிருந்த காலத்தில் பாடங்கள் இணையத்தின் வழியே நடந்தன. கணினியின் தேவை தோட்டங்களிலும் உணரப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது புதிய கணினியின் விலை பலருக்கு எட்டாததாயிற்று. பதுளையில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த ஒருவர் தம் கணினியை விற்க, மொனராகலையில் உயர்தர வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி அதனை வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இருவர்க்கும் நன்மை தரும் காரியந்தான். ஆனால் அக்கணினியின் உள்ளே இருப்பவை எவை?

அடையாள அட்டையின் படம், பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டில் வேலை செய்யும் தாயின் கடவுச்சீட்டு, தந்தையின் ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்கள், வங்கிக் கணக்கின் விவரம், தங்கையின் புகைப்படங்கள். லயத்தில் ஒரு வீட்டில் கணினி இருந்தால் அயல்வீட்டார் விண்ணப்பங்களும் அதிலேதான் எழுதப்படுகின்றன. ஆகவே விற்பவர் காக்கவேண்டியது தம்முடைய செய்தியை மட்டுமன்று.

காகிதத்தின் அருமையை மலையக மக்களுக்குப் பிறர் சொல்லவேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு பத்திரம் இருந்ததும் இல்லாததும் எத்தனையோ குடும்பங்களின் விதியைத் தீர்மானித்தன. அதனாலன்றோ அவற்றைத் தகரப்பெட்டியில் வைத்துக் காத்தனர்! அப்பெட்டியை விற்க நேர்ந்தால் உள்ளிருக்கும் பத்திரங்களை எடுத்துக்கொண்டே விற்பார்கள். இன்று கணினியும் ஒரு தகரப்பெட்டியே.

“நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே” என்பார் சிலர். அழித்தல் என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் அழித்தல் அன்று. கணினி ஒவ்வொரு கோப்பும் தட்டில் எவ்விடத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. நாம் ஒரு கோப்பை நீக்கும்போது பதிவேட்டிலுள்ள பெயர் மட்டுமே வெட்டப்படுகிறது. செக்ரோலில் பெயரை வெட்டியவுடன் ஆள் லயத்தை விட்டு மறைந்துவிடுகிறாரா? அதுபோலவே கோப்பும் அவ்விடத்திலேயே கிடக்கிறது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரையில் தேடுவோர் அதனை மீட்கலாம்.

அமெரிக்காவில் கார்ஃபிங்கல், ஷெலட் என்னும் ஆய்வாளர் இருவர் பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளுள் சரிவரத் துடைக்கப்பட்டிருந்தவை பன்னிரண்டே. மற்றவற்றுள் பலவற்றில் கடன் அட்டை எண்களும் சொந்தக் கடிதங்களும் இருந்தன.

இனி, செய்யும் முறையைக் கூறுவேன். முதலாவது, வேண்டியவற்றையெல்லாம் வேறொரு தட்டிலோ பென்டிரைவிலோ படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்று வேறு கணினியில் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்த பின் வருந்திப் பயனில்லை. இரண்டாவது, மின்னஞ்சல் முதலிய எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். உங்கள் கணக்கிலுள்ள சாதனப் பட்டியலிலிருந்து அக்கணினியை நீக்குங்கள். கணினி தொடங்கும்போதே கேட்கும் கடவுச்சொல் இருந்தால் அதனையும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, துடைத்தல். விண்டோஸ் கணினியில் ‘ரீசெட் திஸ் பி.சி.’ என்னும் வசதி உண்டு. அதில் அனைத்தையும் நீக்கு என்பதைத் தெரிந்து, தட்டையும் துப்புரவாக்கு என்னும் அடுத்த தெரிவையும் மறவாது இடுங்கள். பலர் தவறவிடுவது இந்தத் தெரிவையே. சுழலும் பழைய தட்டில் இது பல மணி நேரம் எடுக்கும். மின்சாரத்தில் இணைத்தே வையுங்கள். எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம் தன்னுள்ளே இடம் மாற்றி மாற்றி எழுதுவது. மேலெழுதினாலும் சில படிகள் ஒதுங்கிக் கிடக்கலாம். ஆகையால், முதலில் முழுச் சேமிப்பகத்தையும் மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டுப் பின்னர்த் துடைப்பது நன்று. திறவுகோல் அழிந்தால் எஞ்சியவற்றை எவராலும் படிக்க முடியாது. செய்பொருளாளர் தரும் அழிப்பு மென்பொருளையும் பயன்படுத்தலாம். இயங்காத தட்டைத் துடைக்க இயலாது. அதனைக் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சியதை விற்பதே தகும்.

நான்காவது, பணிசெயல் முறைமையைப் புதிதாய் நிறுவுதல். முறையான உரிமத்தோடு வந்த விண்டோஸ் கணினியாயின், அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால் உரிமம் பெரும்பாலும் தானே உறுதியாகும். திருட்டுப் படியை இட்டு விற்காதீர்கள். அதனோடு தீநிரல் ஒளிந்து வரக்கூடும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிக்கு விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் ஏற்றது. எதை இட்டிருக்கிறீர்கள் என்பதையும், மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் வாங்குவோர்க்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். முதல் வரவேற்புத் திரையோடு நிறுத்திவிடுங்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் புதியவரே இடட்டும்.

கடையில் கொடுத்துச் செய்விப்போர், முடியும் வரையில் அருகில் இருப்பது நலம். ஒரு மாலைப்பொழுது செலவாகும், அவ்வளவே. கணினியை வாங்கிச் செல்லும் மாணவிக்கும் இது நன்மையே. பிறர் வீட்டுச் செய்திகளைச் சுமக்கும் பாரமின்றி, வெற்றுப் பலகையைப் போன்ற கணினியில் அவள் தன் பாடத்தைத் தொடங்கலாம்.