குடியை விட நினைப்பவர் தனியாகப் போராட வேண்டாம்



உள்ளே வரும்போதே ஒரு அண்ணன் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏற்கனவே நம்மைக் குடிகாரச் சமூகம் என்கிறார்கள். உரிமை பேசும் மேடையில் நாமே அதைச் சொல்லலாமா?" அவர் கோபம் நியாயமானது. தோட்டத்துக் கள்ளுக்கடை தானாக முளைக்கவில்லை. வெள்ளைக்காரன் உரிமம் கொடுத்து நடத்த விட்ட கடை அது. 1941ல் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையையும் மூடச் சொன்னார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. ஆகவே இது நம் போராட்டத்தின் பழைய பகுதிதான். அதை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாய் என் அலுவலகத்திற்கு வந்தார். கணவர் லோரி ஓட்டுநர். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சார், அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம். குடியை மட்டும் நிறுத்த வையுங்கள்." அதற்கு என் சட்டப் புத்தகத்தில் பிரிவு இல்லை.

கணவரை அழைத்து ஒரு மணி நேரம் அறிவுரை சொன்னேன். அழுதார், முருகன் மேல் சத்தியம் செய்தார். மூன்றாம் வாரம் மறுபடியும் குடித்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது. இதே மனிதர் தைப்பூசத்திற்கு விரதம் இருந்து 48 நாள் தொடாமல் இருந்தவர். நிறுத்த அவருக்குத் தெரியும். நிறுத்திய பிறகு வரும் நாட்களைத் தாண்டத்தான் துணை இல்லை. அந்தத் துணை என் அறிவுரையில் இல்லை. அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்களிடம் இருந்தது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. மலேசியாவிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. 2020ல் வெளியான பெரிய மருத்துவ ஆய்வுத் தொகுப்பு ஒன்று, முழுமையாகக் குடியை விடுவதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல நேரங்களில் மேலானது என்று காட்டியது.

நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். "பெயர் வெளியே போய்விடுமோ?" முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். "சர்ச் மண்டபத்தில் நடக்கிறதாமே, மதம் மாற்றுவார்களோ?" பல ஊர்களில் இடம் அங்கே கிடைக்கிறது, அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கடவுளைப் பற்றிப் பேச்சு வரும். உங்கள் கடவுளை நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். "எனக்கு ஆங்கிலம் வராதே?" போன் செய்யும்போதே தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கும் குழுக்கள் பல உண்டு. இணையம் வழிக் கூட்டங்களும் உண்டு.

முதல் நாள் பின்வரிசையில் உட்காருங்கள். "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முதல் கூட்டம் பிடிக்கவில்லையா? வேறொரு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கும் ஒருவரின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆசை வரும்போது பாட்டிலைத் தொடுவதற்கு முன் அவருக்கு அழையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, அவருடைய குடிக்கு நீங்கள் காரணம் அல்ல. போதையில் கிடப்பவருக்காக மேலாளரிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வதையும், அவர் கடனை நீங்கள் அடைப்பதையும் நிறுத்துங்கள். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற குழு தனியாக உண்டு. அவர் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். அடி விழுந்தால் அவர் திருந்தும் வரை காத்திருக்க வேண்டாம். போலீஸில் புகார் கொடுங்கள், அல்லது 15999 தாலியான் காசே எண்ணுக்கு அழையுங்கள். 2017 திருத்தத்திற்குப் பிறகு சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். குடிக்கும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அந்த லோரி ஓட்டுநரை முதல் கூட்டத்திற்கு நானே காரில் கொண்டுபோய் விட்டேன். ஒன்றரை மணி நேரம் வெளியே காத்திருந்தேன். வந்து ஏறியவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை சார்." இடையில் இரண்டு முறை சறுக்கினார். இரண்டு முறையும் திரும்பப் போனார். இன்றும் போகிறார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவரோடு அந்த வாசல் வரை நடந்து போங்கள்.