அளவும் பங்கும்

(புகையைக் குறைத்த மூன்று ஊர்கள் குறித்து விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவாயுவும் எரிக்கப்படுவதால் ஆண்டுதோறும் 3,500 கோடி டன்னுக்கு மேற்பட்ட கரியமிலவாயு வானிற் கலக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. பருவம் தவறிப் பெய்யும் மழையும், ஒரே நாளிற் கொட்டித் தீர்க்கும் பெருவெள்ளமும், நீண்டுகொண்டே போகும் கோடையும் அதனோடு தொடர்புடையவை. இத்துணைப் பெரிய கணக்கின் முன்னே ஓர் ஊர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. செய்து பார்த்த ஊர்களின் வரலாறே அதற்குத் தக்க விடையாகும்.

அத்தகைய ஊர்களுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்ளலாம். ஒன்று கேரளத்தில் உள்ளது, ஒன்று டென்மார்க்கில், மற்றொன்று கோவை மாவட்டத்தில். மூன்றின் நிலமும் மொழியும் வேறு. ஆயினும் மூன்றிலும் தொடங்கிய பணி நிலைபெற்றதற்குக் காரணங்கள் இரண்டே: அவ்வூரார் முதலில் அளந்தார்கள்; பின்னர்ப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

வயநாட்டில், கல்பற்றாவுக்கும் பழைய சமணக் கோயில் நிற்கும் சுல்தான் பத்தேரிக்கும் இடையே அமைந்தது மீனங்காடி ஊராட்சி. காப்பியும் மிளகும் விளையும் பூமி. வெளியிடும் கரியும் உள்வாங்கும் கரியும் சமன்படும் ஊராகத் திகழ வேண்டும் என்னும் திட்டம் 2016ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பெற்றது. மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு அவ்வூரார் நின்றுவிடவில்லை. வீடுகளில் எரியும் விறகு, வாகனங்கள் குடிக்கும் எண்ணெய், மின்சாரம், கால்நடை, வயல், குப்பை ஆகியவற்றிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கெடுத்தனர். மரமும் மண்ணும் எவ்வளவை வாங்கிக்கொள்கின்றன என்றும் கணக்கெடுத்தனர். ஆண்டுக்கு 33 ஆயிரம் டன்னுக்கு மேல் வெளியேறுவதும், அதில் ஏறத்தாழ 11 ஆயிரம் டன் மிகையாக நிற்பதும் தெரியவந்தன. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அதன் பின்னரே ஊருக்கு விளங்கியது.

நட்ட மரம் வெட்டப்படாமல் நிற்க வேண்டுமே! அதற்கு அவர்கள் கண்ட வழி 'மர வங்கி'. உழவர் தம் நிலத்தில் வளர்க்கும் மரத்தை ஈடாக வைத்து, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்தாண்டு வரை கூட்டுறவு வங்கியில் வட்டியில்லாக் கடன் பெறலாம். மரத்தை வெட்டினால் கடனைத் திருப்ப வேண்டும்; வெட்டாதவரையில் திருப்ப வேண்டுவதில்லை. மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ மரத்தை விற்பது சிற்றூரில் வழக்கம். அந்த நெருக்கடியை அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு இது. ஏழை உழவரின் இழப்பை ஊரும் அரசும் பங்கிட்டுக்கொள்ள முன்வந்தமையே இதன் சிறப்பு.

அளவின் பயனை மீனங்காடி காட்டுகிறதென்றால், பங்கின் வலிமையை டென்மார்க்கு நாட்டின் சாம்சோ தீவு காட்டுகிறது. ஏறத்தாழ 4,000 பேர் வாழும் உழவர் தீவு அது. உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்றது. தன் தேவைக்குரிய ஆற்றல் முழுவதையும் பத்தாண்டுகளுக்குள் காற்று, வைக்கோல், வெயில் முதலியவற்றாலேயே பெறத்தக்க தீவு எது என்று அந்நாட்டு அரசு 1997இல் நடத்திய போட்டியில் சாம்சோ வென்றது. பரிசுப் பணம் ஏதும் இல்லை. அத்தீவிலேயே பிறந்து வளர்ந்து ஆசிரியராய் இருந்த சோரன் ஹெர்மன்சன் என்பவர், வீடு வீடாகவும் கூட்டம் கூட்டமாகவும் சென்று மக்களோடு பேசத் தொடங்கினார்.

காற்றாலை கண்ணுக்கு அழகில்லை, ஓசை எழுப்பும், ஆதாயம் வெளியூராருக்குப் போகும் என்று எதிர்ப்பெழுந்தது. அவ்வெதிர்ப்பை வாதத்தால் வெல்ல அவர்கள் முயலவில்லை, பங்கினால் தணித்தார்கள். 2000ஆம் ஆண்டு நிலத்தில் நிறுவப்பட்ட 11 காற்றாலைகளுள் ஒன்பது தீவின் உழவர்களுக்குரியவை. இரண்டு, பலர் சிறு தொகை இட்டுச் சேர்ந்த கூட்டுறவுக்குரியவை. பின்னர்க் கடலில் நிறுவப்பட்ட பத்தனுள் ஐந்து உள்ளாட்சிக்கு உரியவை. தனக்குப் பங்குள்ள காற்றாலையின் சுழற்சி எவருக்கும் இரைச்சலாகத் தோன்றுவதில்லை. தனித்தனி எண்ணெய் அடுப்புகளுக்கு மாற்றாக, வைக்கோலை எரித்துச் சுடுநீரைக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பும் பொது வெப்ப நிலையங்களும் எழுந்தன. பத்தாண்டுக்குள் தீவு தன் தேவைக்கு மேல் மின்சாரம் ஆக்கி, மிகுதியைக் கடலடிக் கம்பி வழியே பெருநிலத்துக்கு அனுப்பியது.

இங்கே ஓர் உண்மையையும் மறைத்தல் கூடாது. சாம்சோவின் மகிழுந்துகளும் படகுகளும் எண்ணெயை எரித்துக்கொண்டேதான் இருந்தன. ஏற்றுமதியான மின்சாரத்தை எதிரே வரவு வைத்தே கணக்கு நேர் செய்யப்பட்டது. மீனங்காடியில் மரம் உள்வாங்கிய கரியும் அத்தகையதே. மரம் வெட்டப்பட்டால் அது மீண்டும் வானுக்கே போகும். கணக்கு நேராவது ஒன்று. எரிப்பது நிற்பது வேறொன்று. முன்னதைப் பின்னதென்று மயங்காதிருப்பதற்கும் அளவுதான் துணை.

இவ்விரண்டும் அயல்மொழி பேசுவோரின் ஊர்கள் என்று சொல்வோருக்கு, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி விடையாகும். ஆர். சண்முகம் அவர்கள் 1996 முதல் 2006 வரை அங்குத் தலைவராய் இருந்தார். குடிநீர்த் திட்டமும் தெருவிளக்கும் பெருகப் பெருக, ஊராட்சியின் மின் கட்டணமும் பன்மடங்காயிற்று. செலவு மிகுந்த இடத்தைக் கண்டறிந்து, நீரேற்றுவதற்கு 2003இல் மரக்கழிவிலிருந்து எரிவாயு ஆக்கும் 9 கிலோவாட் கருவி ஒன்றை நிறுவினர். 2006இல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில், மைவாடி என்னும் ஊரில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே விலைக்கு வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய், அதில் 1.15 கோடி வங்கிக் கடன். எஞ்சியது ஊராட்சியின் சேமிப்பு. ஆண்டுக்கு ஆறு இலட்சம் யூனிட்டுக்கு மேல் விளைந்தது. ஊரின் தேவை போக எஞ்சியது மின்வாரியத்துக்கு விற்கப்பட்டுக் கடனையும் அடைத்தது. யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கொண்டாலும், ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேற்பட்ட கரியமிலவாயு இதனால் தவிர்க்கப்பட்டது.

உலகக் கணக்கில் 400 டன் ஒரு துளியே. ஆனால் கடன் வாங்கித் திருப்பிச் செலுத்த ஓர் ஊராட்சியால் இயலும் என்பதை அத்துளி மெய்ப்பித்தது. தனி வீடு செய்ய இயலாததும், தொலைவிலிருக்கும் அரசு செய்ய நினையாததுமான வேலை ஒன்று உண்டு. ஊர் என்னும் அளவே அதற்குப் பொருத்தம்.

தமிழ்ச் சமணர் பலருக்கு உழவே வழிவழித் தொழில். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டங்களில் அவர்தம் நிலங்களில் நெல்லே முதன்மைப் பயிர். நெல்வயலில் இடைவிடாது நீர் நிற்கும்போது மண்ணுக்குக் காற்று எட்டுவதில்லை. காற்றில்லா மண்ணில் நுண்ணுயிர்கள் தாளையும் வேரையும் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இருபதாண்டு அளவில் நோக்கினால் அவ்வாயு கரியமிலவாயுவைப்போல் எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இதற்கு மாற்று, உழவர் நன்கறிந்த 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்னும் முறையே. ஓரடி நீளமுள்ள, பக்கங்களில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் பாதியளவு புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். நட்ட இரண்டு வாரத்துக்குப் பின், குழாயினுள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. இம்முறையால் மீத்தேன் ஏறத்தாழப் பாதி வரை குறையும், நீரும் நூற்றுக்கு முப்பது பங்கு வரை மிச்சமாகும், விளைச்சல் குறைவதில்லை.

எளிய முறைதான்; எனினும் தனியொருவரால் ஆகக்கூடியதன்று. ஏரிப் பாசனத்தில் மேல்வயலின் நீர் வரப்பு வழியே கீழ்வயலுக்கு இறங்குகிறது. மேல்வயல்காரர் நீரை நிறுத்தாமல் கீழ்வயல்காரர் தம் வயலைக் காயவிட முடியாது. கிணற்றுப் பாசனத்திலோ, மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எவரும் பார்ப்பதில்லை. நிலத்தடி நீர் கீழே போவது மட்டும் தெரிகிறது. முன்னாளில் நீர்க்கட்டி என்பவர் முறைவைத்து மடை திறந்தார். ஊர் அவருக்குக் களத்தில் நெல் அளந்தது. அந்த முறை மங்கிய ஊர்களில் அதனை மீண்டும் கூட்டுவது வானிலைக்குச் செய்யும் தொண்டு மட்டுமன்று. அடுத்த தலைமுறைக்குக் கிணற்றில் நீரை விட்டுச் செல்வதும் ஆகும்.

அளந்து வாழ்தல் சமண இல்லறத்தாருக்குப் புதிய பாடமன்று. துறவி கொள்வது பெருவிரதம். இல்லறத்தார் கொள்வது அணுவிரதம். பொருள் முழுவதையும் துறக்குமாறு இல்லறத்தாருக்கு விதிக்கப்படவில்லை. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு தானியம் என்று வரையறை செய்துகொண்டு, அதற்கு மேற்படாதிருத்தலே பரிக்கிரக பரிமாணம். இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று வரைவதும், துய்க்கும் பொருள்களுக்கு அளவு குறிப்பதும் அவ்வாறே. இவ்விரதங்களின் உயிர், முன்கூட்டிச் சொல்லப்படும் எண்ணில் இருக்கிறது. 'இயன்றவரை குறைப்பேன்' என்பது விருப்பமாகலாம், விரதமாகாது. காற்றையும் நீரையும் மண்ணையும் ஓரறிவுயிர்களின் உடலாகக் கருதும் சமயத்தார்க்கு அவ்வெண்ணைக் குறிக்கும் கடமை ஏனையோரினும் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

அறக்கட்டளை ஒவ்வொன்றும் இந்த எண்ணைக் குறிக்கத் தொடங்கலாம். அரிய கல்வி தேவையில்லை. ஆலயத்திலும் மண்டபத்திலும் ஓராண்டில் செலவான மின்சாரம், ஜெனரேட்டரும் வாகனங்களும் எரித்த டீசல், அன்னதானத்துக்கு ஆன எரிவாயு உருளைகள் ஆகியவற்றைக் குறித்தால் போதும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ, ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ, 14.2 கிலோ உருளை ஒன்றுக்கு 42 கிலோ கரியமிலவாயு என்று பெருக்கிக் கூட்டினால் தொகை வந்துவிடும். மண்டபக் கூரையில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு பொருத்தினால் ஆண்டுக்கு 1,400 யூனிட் அளவுக்கு விளையும். அதற்காகும் செலவைப் பெருஞ்செல்வர் ஒருவர் தனியே ஏற்பதைக் காட்டிலும், நூறு குடும்பங்கள் சிறு தொகை இட்டுப் பங்காளராவது நீடிக்கும் என்பதைச் சாம்சோ காட்டியிருக்கிறது. பங்குடையோர் கணக்குக் கேட்பார்கள். கேட்கப்படும் கணக்கே பிழையின்றி எழுதப்படும்.

விழா மலர்கள் பலவற்றில் அறக்கட்டளையின் வரவு செலவுக் கணக்கு அச்சாவது வழக்கம். வருகிற ஆண்டு மலரில் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இந்தக் கணக்கும் அச்சாகட்டும்: இத்தனை யூனிட், இத்தனை லிட்டர், இத்தனை உருளை; அடுத்த ஆண்டுக்கு வரைந்த எல்லை இவ்வளவு. அந்த ஒரு பக்கம் ஆண்டுதோறும் தவறாது வெளிவருமாயின், இங்கு எடுத்துக்காட்டிய மூன்று ஊர்களோடு நான்காவதாக ஓர் ஊரைச் சேர்த்துச் சொல்லும் நாள் தொலைவில் இல்லை.