சாலைப் பள்ளமும் இரவு விளக்கும்



திருப்பூர்த் தெருக்களில் குழாய்க்கோ சாக்கடைக்கோ வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் ஒரு வேப்பங்கொம்பை நட்டு, அதில் சிவப்புப் பனியன் துணியைக் கட்டியிருப்பதைப் பன்முறை கண்டிருக்கிறேன். வெட்டி மிஞ்சிய துணிக்கு இவ்வூரில் பஞ்சமில்லையல்லவா! நட்டவரின் நல்லெண்ணத்தை நான் குறைகூறவில்லை. பகலில் அந்தத் துணி தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆனால் ஒளி மங்க மங்க, மனிதக் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்பு நிறமே. பனியன் கம்பெனியில் இரவு வேலை முடிந்து வீடு திரும்புபவருக்குக் கொம்பும் தெரியாது, துணியும் தெரியாது.

2025 மே மாதத்தில், இம்மாவட்டத்துத் தாராபுரத்தை அடுத்த குள்ளாய்பாளையம் அருகே, பாலப் பணிக்காகத் தோண்டிய பள்ளத்தில் இருசக்கர வாகனம் விழுந்தது. கோயிலுக்குச் சென்று இரவில் திரும்பிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் அங்கேயே மாண்டனர். உடன் வந்த மகள் படுகாயமுற்றாள்.

கல்லூரி மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை விநாடி ஆகிவிடும். அதற்குள் 20 மீட்டர் போய்விட்டது. வண்டி நிற்க இன்னும் பல மீட்டர் வேண்டும். எனவே பள்ளத்தின் விளிம்பில் வைக்கும் அடையாளம், விழுந்த இடத்தைக் காட்டத்தான் பயன்படும். எச்சரிக்கைப் பலகை நெடுந்தொலைவு முன்னரே தொடங்கவேண்டும். வண்டியின் வெளிச்சத்தை ஓட்டுபவர் கண்ணுக்கே திருப்பியனுப்பும் ஒளிர்தகடு அதில் வேண்டும். பள்ளத்தைச் சுற்றி உறுதியான தடுப்பும், விடியும்வரை அணையாத விளக்கும் வேண்டும்.

பள்ளத்தினுள் இறங்கும் தொழிலாளியின் நிலையோ வேறு. அவருக்குப் பள்ளம் தெரியும். அதன் சுவர் எப்போது சரியும் என்பது தெரியாது. ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பளவு புதைந்தாலே மூச்சுவிட இயலாது. ஆதலால் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்கவேண்டும். அல்லது சரிவாக வெட்டவேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பது, சுவரைத் தள்ளிவிடுவதற்குச் சமம். மழை பெய்த மறுநாள் எவரையும் இறக்குமுன் மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்தாகவேண்டும்.

கட்டுமானத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 1996இல் ஒரு தனிச்சட்டமே இயற்றியது. சட்டத்திற்குக் குறைவில்லை. ஒருமுறை வேலையிடத்தில் நின்ற மேஸ்திரி ஒருவரிடம், "இரவில் இங்கே விளக்கு உண்டா?" என்று வினவினேன். "விளக்கு இருக்குதுங்க; அதைப் பார்த்துக்க ஆளுக்குத்தான் கூலி போடலை" என்றார். மதிப்பீட்டில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் தனித்தனி வரிகள் இருப்பதுபோல, இரவுக் காவலாளியின் கூலிக்கும் ஒரு வரி இருந்திருக்குமானால் அவர் அவ்விதம் சொல்லியிருக்கமாட்டார்.