பழைய மரவேலை மெசின் வாங்கப் போகிறவர்களுக்கு

(நானுஓயா தோட்ட மக்கள் கூட்டத்தில் நலன்புரி அதிகாரி ஆற்றிய பேச்சு)



கொழும்பு, மொரட்டுவைப் பக்கம் தளபாடப் பட்டறைகளில் வேலை பழகின நம்ம பையன்கள் சிலர், ஊரிலேயே சொந்தமாகக் கதவு, ஜன்னல், கட்டில் செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் 2022 நெருக்கடிக்குப் பிறகு புது மெசின் விலை நமக்கு எட்டாது. அதனால் பழசு தேடுகிறார்கள். காசு எங்கே இருந்து வருகிறது? அப்பாவின் சேமலாப நிதி. சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டு, ஆயுசெல்லாம் சேர்ந்த காசு. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் லொறி பிடித்து வாள் மேசையும் சீவுளி மெசினும் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கின பிறகுதான் மோட்டர் தகட்டைப் பார்த்தோம்: 400 வோல்ட், 3 பேஸ். லயத்துக்கு வருவது 230 வோல்ட், ஒரு பேஸ். விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டும் இன்னும் சாக்குக்குக் கீழேதான் கிடக்கின்றன. அந்த அப்பா என்னைக் கண்டால் மழையைப் பற்றித்தான் பேசுவார்.

ஆகவே முதலில் தகட்டை வாசியுங்கள். தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள், வெட்கமில்லை. ஜப்பானில் பாவித்து வந்த சின்ன மெசின்கள் 100 வோல்ட். நேரே சொருகினால் புகைதான். ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ட் சரியாகும். ஆனால் 60 சைக்கிள் மட்டும் என்று எழுதின மோட்டர் நம்ம 50 சைக்கிள் கரண்டில் மெதுவாக ஓடிச் சூடேறும்.

அடுத்து கரண்டை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால், ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. அது மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். வார்ப்பிரும்பு மேசையில் வெடிப்போ ஒட்டு வைத்த அடையாளமோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். புதுப் பெயின்ட் மினுங்கினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பிறகு பலகை வைத்து அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கால் மணித்தியாலம் ஓடட்டும். கருகல் மணம் வந்தால் வேண்டாம்.

வாளுக்கு மேல் மூடியும், வாளுக்குப் பின்னால் நிற்கும் தகடும் இருக்கிறதா? விற்கிறவர்கள் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அந்தத் தகடு இல்லாவிட்டால் அறுபட்ட பலகை வாளை இறுக்கிப் பிடித்து, நம்ம நெஞ்சுக்கே திரும்பி அடிக்கும். விரல் போனால் எந்த நிதியும் திருப்பித் தராது, தம்பி.

காம்பராவுக்குள் வைக்கவே வேண்டாம். 1 குதிரைவலு 746 வாட். 2 குதிரைவலு மோட்டரை லயத்துப் பழைய வயர் தாங்காது, மரத்தூளும் சேர்ந்தால் லயமே எரியும். தனிக் கொட்டகை போட தோட்டத்துரையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மரம் ஏற்றி வர வன இலாகா அனுமதிப் பத்திரம் தேவைப்படும், அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். நம்ம பனிக்கு மேசை சீக்கிரம் துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் எண்ணெய் பூசி மூடுங்கள்.

யாராவது மெசின் பார்த்து வைத்திருந்தால், முற்பணம் கொடுக்கும் முன்னே தகட்டில் உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு என் ஆபீசுக்கு வாருங்கள். தொழிற்சாலை எலக்ட்ரீசியனிடம் காட்டிக் கேட்போம்.