பொறுத்தலும் தாங்கலும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலத்தில் நம் செம்பரம்பாக்கத்தில் இருவர் சந்தித்தால், நலம் விசாரிக்கும் முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடும். ‘கரை தாங்குமா?’ ஏரியின் முழு ஆழம் 24 அடி. நீர்மட்டம் அதை நெருங்க நெருங்க இந்தக் கேள்வி தேநீர்க் கடையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்துசேரும். 2015 டிசம்பருக்குப் பிறகு அதைக் கேட்கும் குரலே மாறிவிட்டது. ஆனால் சொல் மாறவில்லை. ‘கரை பொறுக்குமா’ என்று யாரும் கேட்பதில்லை. ‘கரை சகிக்குமா’ என்று ஒருவர் கேட்டால், அந்த அச்சத்திலும் நாம் சிரித்துவிடுவோம். எந்த ஆசிரியரும் கற்பிக்காமலே நம் நாவுக்குத் தெரிந்த வேறுபாடு இது. ருஷ்ய மொழியிலும் அணைக்கும் பாலத்துக்கும் உறைந்த ஆற்றின் பனிக்கும் ‘வீதெர்ஷத்’ என்று ஒரு வினை உண்டு. பாரம் வந்து அழுத்தியபோதும் முறியாமல் நிற்பதை அது குறிக்கும்.

இந்தச் சொற்களின் பின்னே நான் அலையத் தொடங்கியதற்குக் காரணம் நம் வட்டத்தின் கூட்டம் ஒன்றுதான். செகாவின் ‘கடற்பறவை’ நாடகத்தை ஆங்கில வழியாகத் தமிழாக்கி, அதன் கடைசி அங்கத்தை இங்கே வாசித்தேன். 1896-இல் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதலாக மேடையேறி, அவையோரின் ஏளனத்துக்கு ஆளாகி, இரண்டாண்டுக்குப் பின் மாஸ்கோவில் வெற்றிபெற்ற நாடகம் அது. அதில் நீனா என்ற பெண் நடிகையாகும் ஆசையில் வீட்டை விட்டுப் போகிறாள். நம்பிய எழுத்தாளன் கைவிடுகிறான். குழந்தை இறந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் குடியானவர்களோடு பயணம் செய்து சிற்றூர்களில் நடிக்க வேண்டிய நிலை. அந்நிலையில் பழைய நண்பனிடம் வந்து, நம் தொழிலில் முக்கியமானது புகழன்று, இன்னொன்று என்கிறாள். அந்த இன்னொன்றுக்கு ஓர் ஆங்கில நூல் ‘பேஷன்ஸ்’ என்கிறது. வேறொன்று ‘என்டியூர்’ என்கிறது. என் கையில் இருந்தது முதலாவது. ‘பொறுமையாக இருக்கத் தெரிவது’ என்று எழுதி வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து நம் உறுப்பினரான ஓர் அம்மையார் எழுந்தார். “ஐயா, கல்யாணமாகி வந்த அன்று என் மாமியார் எனக்குச் சொன்னதும் இதுதான். நீனாவும் அதையே சொல்வதானால், அவள் எதற்காக வீட்டை விட்டுப் போனாள்?” என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. மூலத்தைத் தேடிப் போனேன். மாலை வகுப்பில் கற்ற கொஞ்சம் ருஷ்யமும் தடித்த அகராதி ஒன்றுமே துணை.

மூலத்தில் இருந்த வினை ‘தெர்ப்பேத்’. அகராதியில் அந்த வேரின் கீழ் ஒரு குடும்பமே வாழ்கிறது. ருஷ்ய மொழி வினைக்கு முன்னால் ஒரு சிறு ஒட்டைச் சேர்த்துப் பொருளைத் திருப்பிவிடும். மருத்துவர் ஊசி போடும்போது குழந்தையிடம் ‘பதெர்ப்பீ’ என்பார். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று பொருள். அவமதிப்பை விழுங்கி வாய்மூடி இருந்தால் ‘ஸ்தெர்ப்பேத்’. முழுவதையும் அனுபவித்து அக்கரை கண்டால் ‘வீதெர்ப்பெத்’. போதும் போதும் என்னுமளவுக்குப் பட்டவள் ‘நதெர்ப்பேத்ஸா’ என்ற வினையால் பேசுவாள். துன்பமே பழகிப்போனவனுக்கு வேறோர் ஒட்டு.

ஆங்கிலத்தில் இவ்வசதி இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு வேரிலிருந்து சொல் எடுக்க வேண்டும்: ‘பேர்’, ‘ஸ்டாண்ட்’, ‘சஃபர்’, ‘என்டியூர்’, ‘டாலரேட்’, ‘புட் அப் வித்’. சொல்வளம் குறைவு என்று நான் சொல்லவில்லை. குடும்பம் பிரிந்துபோகிறது என்கிறேன். மூலத்தில் ஒரே வேர் பத்துப் பக்கம் தள்ளி மீண்டும் ஒலிக்கும்போது, ஆங்கில வாசகருக்கு அது எதிரொலியாகக் கேட்பதில்லை.

என்னை வியக்கவைத்தது தமிழ்தான். ருஷ்யம் முன்னொட்டால் செய்யும் வேலையை நாம் துணைவினையால் செய்கிறோம். பொறுத்துக்கொள், பொறுத்திரு, பொறுத்துப் பார், பொறுத்துப் போ. நான்கும் ஒன்றா? ‘பொறுத்துப் பார்’ என்பதில் ஒரு கெடு இருக்கிறது. ‘பொறுத்துப் போ’ என்பதில் கெடு இல்லை. தோல்வி மட்டும் இருக்கிறது. நதெர்ப்பேத்ஸா என்பதற்கு ‘பட்டுத் தீர்த்தேன்’ என்று நம் பாட்டிமார் எப்போதோ மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள். மறுத்துச் சொன்னால் வெறுப்பாவதும் பொதுவே: ருஷ்யர் தெர்ப்பேத் முடியாது என்றால் அறவே பிடிக்காது என்று பொருள். நாம் ‘பார்க்கச் சகிக்கவில்லை’ என்கிறோமே, அதுபோல.

பாரம் என்ற உருவகமும் மூன்று மொழிகளுக்கும் பொது. ஆங்கிலத்தின் ‘பேர்’ சுமத்தலுக்கும் பிள்ளை பெறுதலுக்கும் துன்பம் தாங்கலுக்கும் ஒரே சொல். ருஷ்யத்தில் ‘வீநசித்’ என்று முதலசையை அழுத்தினால் கருவை நிறைமாதம் வரை சுமத்தல். அதே எழுத்துக்களைக் கடைசியில் அழுத்தி ‘வினசீத்’ என்றால் துன்பத்தைத் தாங்கல். நம் முன்னோர் பொறை என்றது சுமையையும்தான். மகப்பேற்றைப் பொறையுயிர்த்தல் என்றார்கள். 1886-இல் குறளை ஆங்கிலமாக்கிய போப், பொறையுடைமை என்ற தலைப்புக்கு ஒரு சொல் போதாமல் ‘பேஷன்ஸ்’, ‘ஃபர்பேரன்ஸ்’ என இரண்டை அடுக்கினார். சுமை மட்டும் இரண்டிலிருந்தும் நழுவிவிட்டது.

சகிப்புத்தன்மை என்ற பொருளில் ருஷ்யத்தில் வழங்கும் ‘தெர்ப்பீமஸ்த்’தும் இவ்வேரில் பிறந்ததே. 1995-ஐ ஐக்கிய நாடுகள் சபை சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தது நினைவிருக்கும். ஆனால் பழைய ருஷ்யாவில் ‘தெர்ப்பீமஸ்த் இல்லம்’ என்பது விலைமகளிர் விடுதிக்குப் பெயர்! அதைப் பற்றி இங்கே விரித்துரைக்கப் போவதில்லை.

அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். ருஷ்யத்தில் ஒரு பழமொழி உண்டு: ‘ஸ்தெர்ப்பித்ஸா, ஸ்லூபித்ஸா’. விருப்பமின்றி மணம் முடிக்கப்பட்ட பெண்ணுக்குச் சொல்வது: பொறுத்துப் போனால் அன்பு தானே வரும். மாமியாரின் வாக்கு அங்கேயும் இருக்கிறது. 1945 மே 24 அன்று கிரெம்ளின் விருந்தில் ஸ்டாலின் ருஷ்ய மக்களைப் புகழ்ந்தபோதும் இதே வேர்ச்சொல்தான் வந்தது: அவர்களுடைய ‘தெர்ப்பேனியே’, பொறுமை. ஆள்பவர் மக்களின் பொறுமையைப் பாராட்டும்போது மொழிபெயர்ப்பாளர் சற்று நின்று யோசிக்க வேண்டும். அதே போரில் சுட்டு வீழ்த்தப்பட்டு, நசுங்கிய கால்களோடு பனிக்காட்டில் பதினெட்டு நாள் ஊர்ந்த விமானியின் கதையைப் பொலெவோய் எழுதினார். பூ. சோமசுந்தரத்தின் தமிழில் ‘உண்மை மனிதனின் கதை’யாக அதைப் படித்தவர்கள் நம்மில் பலர். அந்த மனிதனைப் பொறுமைசாலி என்று யாராவது சொல்வோமா?

ஆகவே ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்துத் தமிழ்ச் சொல்லைப் போட்டது என் பிழை. யார் சொல்கிறார், எதைத் தாங்குகிறார், அது முடிந்துவிட்டதா இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும். நீனாவின் வினையில் ஒட்டு எதுவும் இல்லை. அது முடிவு காட்டாத வினை. ஆகையால் ‘தாங்கித் தீர்ப்பது’ பொருந்தாது. அவளுக்கு இன்னும் தீரவில்லை. ‘தாக்குப்பிடிப்பது’ நல்ல சொல்தான். ஆனால் அதில் யாரோ உதவிக்கு வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீனாவுக்கு யாரும் வரப்போவதில்லை. ‘தாங்கத் தெரிவது’ என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். அதன் கீழே ‘பட்டும் நிற்கத் தெரிவது’ என்றும் இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் நீனாவின் பகுதியை வாசிக்க அந்த அம்மையாரே இசைந்திருக்கிறார். கைப்படியில் அந்த ஓர் இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.